பெட்டி பூட்டுதில்லையோ? எங்க பிழை எண்டு பாப்பம்

எங்கட வீட்டிலை ஆர் எங்க வெளிக்கிட்டாலும் கடைசியிலை பெட்டி என்ர தலையிலைதான் வந்து விழும். நைட் பஸ்ஸிலை கொழும்புக்குப் போற தம்பியெண்டாலும் சரி, பலாலியிலை பிளேன் ஏறிக் கூறை எடுக்கச் சென்னைக்குப் போற மாமியெண்டாலும் சரி, "பிள்ளை ஒருக்கா வந்து பார், இது பூட்டுதில்லை" எண்டு கூப்பிடுவினம். நானும் போய் எல்லாத்தையும் கட்டில்ல கொட்டித் திரும்ப அடுக்கி, பேச்சு வாங்கி, பேச்சுக் குடுத்து, இப்ப பெட்டியைப் பாத்த உடனையே எங்க பிழை எண்டு விளங்குற நிலைமைக்கு வந்திட்டன். கனபேர் மடிக்கத் தெரியேல்லை எண்டு நினைச்சு மடிக்கிற வீடியோ பாக்கினம், ஆனா நான் கண்ட பெட்டியளிலை பிழை மடிப்பிலை இருந்தது குறைவு, பெட்டியைத் திறக்க முதலே கொடியிலையோ குசினியிலையோ விறாந்தையிலையோ நடந்து முடிஞ்சிருக்கும். உங்கட பெட்டி என்ன சேட்டை விடுது எண்டு பாத்து அந்த இடத்தை மட்டும் வாசியுங்கோ.

சிப் பாதியோட நிக்குது, மேல ஏறி இருந்தாலும் பூட்டுப்படுதில்லை

முதல்ல மேல ஏறி இருக்கிறதை நிப்பாட்டுங்கோ. சிப் போனா பெட்டியே போச்சு.

மூடியைத் திறந்து உடுப்புக்கு மேல ரெண்டு கையையும் விரிச்சு வைச்சு அமத்திப் பாருங்கோ. பஞ்சு மாதிரி கீழ போய் கையை எடுத்த உடன திரும்ப எழும்பி வந்தா உள்ள கிடக்கிறது காத்து, அதை வெளிய எடுக்கலாம். அமத்தினாலும் கல்லு மாதிரி நிக்குது எண்டா சாமான் கூடிப்போச்சு, என்ன வித்தை காட்டினாலும் கொள்ளாது, எதையாவது எடுத்துத்தான் ஆகோணும். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்காமத்தான் எல்லாரும் மண்டையை உடைக்கிறது.

காத்து எண்டா சுருட்டுங்கோ. ரீசேட், சாரம், நைற்றி, ஜீன்ஸ், சின்னப் பிள்ளையளின்ர உடுப்பு எல்லாம் சுருட்டலாம். ரீசேட்டைக் கட்டில்ல குப்புறப் போட்டு, அதின்ர ரெண்டு கையையும் நடுவுக்கு மடக்கி, கையாலை ஒருக்காத் தடவி நேராக்கி, கழுத்துப் பக்கத்தாலை இருந்து இறுக்கிச் சுருட்டிக்கொண்டு வாங்கோ, பாய் சுத்துற மாதிரி. லூசாச் சுருட்டினா மடிச்சதை விடக் கூட இடம் பிடிக்கும், அப்ப சுருட்டினதிலை ஒரு பிரயோசனமும் இல்லை. ஜீன்ஸை நெடுக்க ரெண்டா மடிச்சு, இடுப்புப் பக்கத்தாலை தொடங்கிக் கால் பக்கமாச் சுருட்டுங்கோ, இடுப்பு மொத்தம் எண்டதாலை அது நடுவிலை போயிடும். பிறகு எல்லாச் சுருளையும் ஒரு பழைய தலையணை உறைக்குள்ள நெருக்கி நிப்பாட்டி, வாயைச் சுருட்டிப் பிடிச்சுக்கொண்டு முழங்காலாலை ஒருக்கா அமத்தினா காத்துப் போகும். அதுக்கெண்டு சதுரம் சதுரமாப் பைகள் விக்கிறாங்கள்தான், நல்லது, ஆனா தலையணை உறை வீட்டிலை சும்மா கிடக்கு. சப்பாத்துக்குள்ள சொக்ஸை அடையுங்கோ, அந்தக் குகையை ஏன் சும்மா விடுவான்.

காத்தை உறிஞ்சி எடுக்கிற பிளாஸ்ரிக் பை பற்றியும் கேப்பினம். சுவெற்றர், போர்வை மாதிரிப் பொங்கின சாமானுக்கு நல்லது. ஆனா இடம்தான் குறையும், நிறை ஒரு கிராமும் குறையாது, ரெண்டாவது திரும்பி வரேக்க அங்க உறிஞ்சுற மெசின் ஆரிட்டக் கேக்கிறது?

கல்லு மாதிரிக் கிடக்கு எண்டா எல்லாத்தையும் கட்டில்ல எடுத்துப் போட்டு, "எப்பவாவது தேவைப்பட்டா" எண்டு சொல்லி எடுத்து வைச்சதை ஒரு பக்கமா ஒதுக்குங்கோ. தம்பி கொழும்புக்கு மூண்டு நாள் போகேக்க அவன்ர பெட்டியிலை ஏழு சேட் இருந்தது, ஏனடா எண்டு கேட்டா "மழை பெஞ்சா", "ஆரும் கலியாணத்துக்குக் கூப்பிட்டா" எண்டுறான். மூண்டு நாளுக்கு மூண்டு சேட், போட்டுக்கொண்டு போற ஜீன்ஸோட இன்னுமொரு ஜீன்ஸ், ஒரு சாரம், உள்ளுடுப்பு மட்டும் ஒண்டு ரெண்டு கூட, அவ்வளவுதான். ரெண்டு ஜீன்ஸுக்கும் ஒத்துப்போற நிறத்திலை சேட்டை எடுத்தா ஆறு சோடி வந்திட்டுது. பாரமான சப்பாத்தைக் காலிலை போடுங்கோ, செருப்பைப் பெட்டியிலை வையுங்கோ, எங்கட ஆக்கள் எப்பவும் மாறித்தான் செய்யிறது. பொங்கின பெரிய துவாயை விட்டிட்டு மெல்லிசு ஒண்டை எடுங்கோ, கெதியாக் காயும்.

நுவரெலியாப் பயணமெண்டா சுவெற்றரே அரைவாசிப் பெட்டி. 1868 மீற்றர் உயரம், குளிரும்தான், ஆனா ஒரு மொத்தச் சுவெற்றரை விட ரெண்டு மெல்லிசை ஒண்டுக்கு மேல ஒண்டாப் போட்டா நடுவிலை நிக்கிற காத்தே சூட்டைப் பிடிச்சு வைச்சிருக்கும். பஸ்ஸுக்குள்ள ஏசியிலை ஒண்டைப் போடுங்கோ, மற்றதை உறைக்குள்ள அடைஞ்சு தலையணையாக்குங்கோ.

பூட்டுது, ஆனா தூக்கேலாது

வெறும் பெட்டியை முதல்ல நிறுத்துப் பாருங்கோ. பெரிய சூட்கேஸ் ஒண்டு சும்மாவே 4 கிலோ வரும், உடுப்பு வைக்க முதலே கணக்கு தொடங்கியாச்சு. ஜீன்ஸ் ஒண்டு முக்கால் கிலோவுக்குக் கிட்ட, ரீசேட் ஒண்டு 200 கிராமுக்குள்ள, அதாலை ஒரு ஜீன்ஸை வெளிய எடுத்தா மூண்டு நாலு ரீசேட்டுக்கு நிறை கிடைக்கும்.

வீட்டிலை ஆள் நிறுக்கிற தராசு இருந்தா பெட்டியைத் தனிய அதிலை வைக்காதேங்கோ, பெட்டி தராசின்ர முகத்தை மூடிக்கொண்டு நிக்கும், இலக்கம் தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்களே ஏறி நில்லுங்கோ, பிறகு உங்கட நிறையைக் கழியுங்கோ. கையிலை கொண்டு போற பைக்குக் கனக்க எயார்லைன்ஸ் 7 கிலோதான் விடும், கீழ போடுற பெட்டிக்கு எவ்வளவு எண்டு உங்கட ரிக்கெற்றிலையே போட்டிருக்கும், அதைப் பாருங்கோ, பக்கத்து வீட்டு அண்ணா போன முறை கொண்டு போனதைக் கேக்காதேங்கோ. காசு கட்டினாலும் ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல எண்டா கன இடத்திலை எடுக்கமாட்டினம், தூக்குற மனிசற்ற நாரிக்காக வைச்ச கணக்கு அது. பவர் பாங்க்கை கீழ போற பெட்டியிலை வைக்கக்கூடாது, கைப்பையிலைதான்.

நிமிர்த்தி வைச்சா எல்லாம் ஒரு பக்கம் சரியுது

பாரம் மேல கிடக்கு. சில்லுப் பக்கம்தான் பெட்டியின்ர அடி, படுக்க வைச்சு அடுக்கிறதாலை அதை எல்லாரும் மறந்திடுவினம். சப்பாத்து, புத்தகம், சார்ஜர், பனங்கட்டிக் குட்டான் எல்லாம் சில்லுப் பக்கம் போகோணும். முதுகிலை போடுற பையெண்டா பாரம் முதுகோட ஒட்டி.

போய்த் திறந்தா சேட் கசங்கிக் கிடக்கு

இதிலை கொஞ்சம் நிண்டு பாப்பம், எங்களுக்குப் பயணமெண்டாலே பாதி கலியாணவீடும் கோயிலும்தானே.

பருத்தி ஏன் கசங்குது, பொலியெஸ்ரர் ஏன் அவ்வளவு கசங்குதில்லை எண்டா, பருத்தி ஈரத்தைக் குடிக்கும். ஈரமும் சூடும் சேந்தா நூல் இளகும், பிறகு காயேக்க, ஆறேக்க எந்த மாதிரிக் கிடந்துதோ அந்த மாதிரியே இறுகிப் போகும். அயன் பண்ணுறது உந்த வித்தையாலைதான் வேலை செய்யுது, கசங்கிறதும் அதே வித்தையாலைதான். இப்ப நீங்கள் பஸ்ஸுக்கு நேரமாச்சு எண்டு அவசரத்திலை தண்ணி தெளிச்சு அயன் பண்ணி, சூடு ஆறாமல் மடிச்சு வைச்சுப் பூட்டுறியள். அந்தச் சூட்டிலையும் ஈரத்திலையும் மடிப்பு என்னமாதிரி இறுகும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. முதல் நாள் பின்னேரமே அயன் பண்ணிக் கொளுவி விடுங்கோ, நல்லா ஆறினாப் பிறகு மடியுங்கோ. இது ஒண்டு செய்தாலே பாதிக் கசங்கல் போயிடும்.

சேட்டுக்கு: கழுத்துப் பொத்தானைப் பூட்டி, பிறகு ஒண்டு விட்டு ஒண்டு பூட்டுங்கோ. கொலருக்குள்ள பெல்ற்றை வட்டமாச் சுத்தி வையுங்கோ, கொலர் நெளியாது, பெல்ற்றுக்கும் இடம் கிடைச்சுது. ரெண்டு சேட்டை ஒண்டுக்கு மேல ஒண்டு வைக்கேக்க ஒண்டின்ர கொலர் இந்தப் பக்கம் எண்டா மற்றதின்ர கொலர் அந்தப் பக்கம் வரோணும். எல்லாக் கொலரும் ஒரே பக்கம் அடுக்கினா அந்தப் பக்கம் மலை மாதிரி எழும்பி, மூடியை அமத்தேக்க கொலர்தான் சப்பளிஞ்சு போகும். சுருட்டின சாமான் எல்லாம் கீழ, சேட் மேல, அதுக்கு மேல ஒண்டும் வேண்டாம்.

பட்டுச் சீலைக்கு மடிப்புத்தான் எமன். மாமி கலியாணத்துக்குக் கொண்டு போன கூறை ஒரே மடிப்பிலை வருசக்கணக்கா அலுமாரியிலை கிடந்து, அந்தக் கோட்டிலை சரிகை வெடிச்சே போச்சு. பழைய பருத்தி வேட்டியிலை ஒரு துண்டு கிழிச்சு அதுக்குள்ள சீலையைச் சுத்துங்கோ, மடிப்பு விழுற இடத்திலை இன்னொரு துண்டைச் சுருட்டி உள்ள வையுங்கோ, மடிப்புக் கத்தி மாதிரி விழாமல் உருண்டையா விழும். சரிகைக்கு மேல செண்ட் அடிக்காதேங்கோ, பூச்சி உருண்டையும் படக்கூடாது, கறுத்துப் போகும். பிளாஸ்ரிக் பைக்குள்ள வைச்சு ரெண்டு நாள் பயணம் போகலாம், வந்தாப் பிறகு எடுத்து நிழல்ல காயவிடுங்கோ, அப்பிடியே அலுமாரிக்குள்ள தள்ளாதேங்கோ. பட்டு வேட்டியைப் பெட்டி அகலத்துக்கு மடிச்சு, ரெண்டு காட்போட் மட்டைக்கு நடுவிலை வைச்சா நல்லூர்த் தேருக்குக் கட்டுறமாதிரி விறைப்பா வரும்.

ஏற்கெனவே கசங்கிப் போச்சு எண்டா கனபேர் சொல்லுறது குளிக்கிற அறையிலை கொளுவிச் சுடுதண்ணியைத் திறந்துவிடச் சொல்லி. ஹொட்டேல்ல சரி. கிணத்தடியிலை குளிக்கிற வீட்டிலை நிக்கிற ஆள் என்ன செய்யிறது, கிணத்துக்கு மேலயே கொளுவுறது? கையிலை தண்ணியைத் தொட்டு கசங்கின இடத்திலை மட்டும் தெளிச்சு, கொளுவிப்போட்டு, கீழ்க்கரையைப் பிடிச்சு ரெண்டு தரம் இழுத்துவிட்டு ஃபானுக்குக் கீழ விடுங்கோ. அரை மணித்தியாலத்திலை முழுசாப் போகாட்டிலும் நாலுபேருக்கு முன்னால நிக்கிற அளவுக்கு வரும்.

திறந்த உடன புழுங்கின மணம்

கொடியிலைதான் பிழை. ஐப்பசி கார்த்திகை மழைக்கு உடுப்பு ரெண்டு நாள் கொடியிலை கிடந்தும் காயாது, கையாலை தொட்டா காய்ஞ்ச மாதிரித்தான் இருக்கும், ஆனா இடுப்புப் பட்டி, கொலர், பொக்கற் எல்லாம் உள்ளுக்க ஈரம். அதுகளைக் கன்னத்திலை வைச்சுப் பாருங்கோ, குளிர்ந்தால் இன்னும் ஈரம் போகேல்லை. கையை விடக் கன்னத்துக்கு நல்லாத் தெரியும். சந்தேகமெண்டா அயன் பெட்டியைத் தையல் இருக்கிற இடத்திலை வைச்சு எடுங்கோ, ஆவி பறந்தா பெட்டிக்குள்ள போகக்கூடாது.

ஊத்தை உடுப்புக்குத் தனிப் பை, அதுவும் துணிப்பை, பொலித்தீன் சொப்பிங் பாக் எண்டா உள்ளுக்கயே அவிஞ்சு போகும். அலுமாரியிலை பூச்சி உருண்டையோட கிடந்த கைக்குழந்தை உடுப்பெண்டா தோய்ச்சு வெயில்ல போட்டிட்டுத்தான் கொண்டு போகோணும். சில பிள்ளையளுக்கு அந்த மருந்து ரத்தத்துக்குக் கூடாது, சிவப்பணுவை உடைக்கும்.

தூள் கொட்டுண்டு போச்சு

யாழ்ப்பாணத்திலை இருந்து வெளிக்கிடுற பெட்டிக்கு மட்டுமே வாற வருத்தம் இது. ஒவ்வொரு பெட்டியிலையும் ஒரு கிலோ கறித்தூள், புழுக்கொடியல், பருத்தித்துறை வடை, நல்லெண்ணெய்ப் போத்தில் ஒண்டாவது இருக்கும். அதிலை பாதி எங்கட இல்லை. வெளிக்கிடுற அண்டு பின்னேரம் ஆராவது வந்து விறாந்தையிலை இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டு, "சின்னப் பார்சல்தான், மகளுக்குக் குடுத்து விடு பிள்ளை" எண்டு நீட்டுவினம். மாட்டன் எண்டு சொல்லேலுமோ, ஏலாது. அதாலை நான் இப்ப அடுக்கேக்கையே அந்தப் பார்சலுக்கு ஒரு சோடிச் சப்பாத்தளவு இடம் விட்டிட்டுத்தான் அடுக்கிறனான், வராட்டி எனக்கு லாபம். வேண்டினா அவைக்கு முன்னாலயே பிரிச்சுப் பாத்து வையுங்கோ, கோவிச்சாலும் பரவாயில்லை, உங்கட பெயரிலை போற பெட்டி.

பிளேனிலை தூள்ப் பை ஏன் வெடிக்குது? மேல போகேக்க உள்ள அமுக்கம் குறையும், கீழ சாமான் கிடக்கிற இடத்திலையும் அப்பிடித்தான், கிட்டத்தட்ட 2400 மீற்றர் மலையிலை நிக்கிற மாதிரி. இங்க இறுக்கிப் பூட்டின பைக்குள்ள இருக்கிற காத்து அங்க போய் ஊதும், பொருத்து விடும். அதாலை பையைப் பூட்ட முதல் தூளைத் தட்டிக் குத்தி, மிச்சக் காத்தை நசுக்கி வெளிய எடுத்து, பிறகு ஒட்டுங்கோ, அதை இன்னொரு பைக்குள்ள போடுங்கோ. ஷம்புப் போத்திலுக்கும் இதேதான், மூடியைக் கழட்டி, வாயிலை ஒரு துண்டு பொலித்தீன் வைச்சு, போத்திலைக் கொஞ்சம் நசுக்கிக்கொண்டு மூடியைத் திருகுங்கோ. கைப்பையிலையெண்டா தண்ணிச் சாமான் எதுவும் 100 மில்லிலீற்றர் போத்திலுக்குள்ளதான்.

கொட்டினாப் பிறகு? உதறுங்கோ. தண்ணி தொடாதேங்கோ, துடைக்காதேங்கோ, வெளியிலை கொண்டு போய் உதறி, மிச்சத்தைக் காய்ஞ்ச பிரஷ்ஷாலை தட்டுங்கோ. என்ர வெள்ளைச் சல்வாரிலை கொட்டுண்டு நான் அவதிப்பட்டு உடன சவுக்காரம் போட்டுத் தேய்ச்சன், அப்பிடியே ரத்தம் மாதிரிச் சிவந்து போச்சு. நான் பயந்து கத்த, அம்மம்மா திரும்பியும் பாக்காமல் "மஞ்சள் பிள்ளை, சவுக்காரம் பட்டா சிவக்கும், அலசு, பேந்து வெயில்ல போடு" எண்டா. அது உண்மை, தூளுக்குள்ள இருக்கிற மஞ்சள், சவுக்காரத்திலை இருக்கிற காரம் பட்டா சிவக்கும், அலசினா திரும்ப மஞ்சளாகும், அந்த நிறம் வெயிலுக்கு நிக்காது. ரெண்டு நாள் நல்ல வெயில்ல போட்டன், மங்கிப் போச்சு. எண்ணெய்க் கறை வேற கதை, அதுக்கு முதல்ல மா போட்டு உறிஞ்ச விடோணும்.

பெட்டி நனைஞ்சு போச்சு

நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ குறிகட்டுவானிலை படகு ஏறினா தெறிக்கிற தண்ணி உப்புத்தண்ணி. பைக்கு வெளியிலை பொலித்தீன் சுத்தினா காத்துக்குப் பறக்கும், கிழியும். உள்ளுக்க ஒரு பெரிய பையைப் போட்டு அதுக்குள்ள உடுப்பை வைச்சு வாயைத் திருகி மடக்குங்கோ. பஸ்ஸுக்குக் கீழ போடுற பெட்டிக்கும் அப்பிடித்தான், மேலதிகமாத் தூசு வேற.

வேணுமெண்ட சாமான் எப்பவும் அடியிலைதான்

கடைசியாத் தேவைப்படுறது முதல்ல உள்ள போகோணும், முதல்ல தேவைப்படுறது கடைசியா. நைட் பஸ்ஸிலை பெட்டி கீழ போயிடும், விடியக் கொழும்பிலை இறங்கிறவரைக்கும் கை வைக்கேலாது, அதாலை சுவெற்றர், மருந்து, பிரஷ், ஒரு மாத்துச் சேட் எல்லாம் மடியிலை வைச்சிருக்கிற பையிலை. ரெயின் எண்டா தலைக்கு மேல தட்டிலை பெட்டி நிக்கும், எண்டாலும் நடு ராத்திரியிலை இறக்கிக் கிண்டினா பக்கத்திலை இருக்கிறவை பாக்கிற பார்வை இருக்கே.

அம்மா எங்க போனாலும் அடையாள அட்டை, பத்திரம் எல்லாம் போட்ட ஃபைலைத்தான் முதல்ல எடுத்து, எல்லாத்துக்கும் மேல வைப்பா. 1995இலை சண்டையாலை யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயரேக்க படுக்கை விரிப்பிலை உடுப்பைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்ட ஆள், நாவற்குழிப் பாலத்தடிச் சனத்துக்க நிண்டுதான் ஃபைல் மூட்டைக்கு அடியிலை கிடக்கிறது ஞாபகம் வந்ததாம். இப்ப ரெண்டு நாள் வவுனியாவுக்குப் போனாலும் ஃபைல் மேலதான்.

போகேக்க கொண்டது வரேக்க கொள்ளுதில்லை

நீங்கள் கடைக்குப் போகேல்லை எண்டு சத்தியம் பண்ணினாலும் நான் நம்பமாட்டன். சரி, கடையை விடுவம், தோய்க்காத உடுப்பை ஆரும் மடிக்கிறேல்லை, பந்தாச் சுருட்டி எறியிறது, அதாலைதான் பொங்குது. ஊத்தை உடுப்பையும் போகேக்க சுருட்டின மாதிரியே இறுக்கிச் சுருட்டுங்கோ. போகேக்கயே ஒரு வெறும் துணிப்பையை மடிச்சு அடியிலை போட்டுக்கொண்டு போங்கோ. கனடாவிலை இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த சித்தி ரெண்டு பெட்டியோட வந்து, போகேக்க ரெண்டு பழைய நைற்றியை எங்களுக்கு விட்டிட்டு அந்த இடத்திலை ஒடியல் மா கொண்டு போனவ. கெட்டிக்காரி.

சிப் பூட்டினாப் பிறகு பின்னால வாயைத் திறக்குது

இழுக்காதேங்கோ. சிப்பைத் தொடங்கின இடத்துக்கே மெதுவாத் திரும்பக் கொண்டு போய், ரெண்டு பக்கத்தையும் கையாலை கிட்டப் பிடிச்சுக்கொண்டு பிறகு இழுங்கோ, அனேகமாப் பிடிக்கும். அப்பவும் திறந்தா இழுக்கிற கட்டை விரிஞ்சிட்டுது, குறட்டாலை அதின்ர ரெண்டு பக்கத்தையும் கொஞ்சம், கொஞ்சமெண்டா கொஞ்சம்தான், அமத்துங்கோ, கூட அமத்தினா அசையவே அசையாது. பல்லு இறுகி ஓடுதில்லை எண்டா மெழுகுதிரியைப் பல்லு நெடுக ரெண்டு தரம் தேய்ச்சு விடுங்கோ, காய்ஞ்ச சவுக்காரக் கட்டியும் சரி. எண்ணெய் மட்டும் விடாதேங்கோ, அது சிப்பிலை நிக்காது, பக்கத்திலை கிடக்கிற சேட்டுக்குத்தான் போகும்.